ரயிலடிக் கறுப்பு வண்டுகள்

சங்கரன்கோவில் ரயிலடியில் ஞானபூரணத்துக்குப் பேச ஆள் இல்லை. மற்ற எல்லாம் இருந்தது. ஓடி விளையாட அவ்வளவு பெரிய வெட்டவெளி இருந்தது. நிழலுக்கு வேப்பமரம் இருந்தது. கை காட்டினால் பதிலுக்குக் கை காட்டுகிற எஞ்சின் டிரைவர்கூட இருந்தார். ஆனால் அவர் கை காட்டிக்கொண்டே தென்காசிக்குப் போய்விடுவார். ரயிலை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கதை பேசவா முடியும், பாவம்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பூரணத்தின் அப்பா தேவசகாயம் அங்கே பாயிண்ட்ஸ்மேன். வருகிற ரயில் எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கம்பியை இழுத்துத் திருப்பிவிடுவது அவர் வேலை. ராத்திரி வேலை என்றால் பகலில் தூங்குவார். பகல் வேலை என்றால் ராத்திரி தூங்குவார். இரண்டுக்கும் நடுவில் சோறு பொங்குவார். குழம்பில் என்றைக்கு உப்பு இருக்கும், என்றைக்கு இருக்காது என்று அவருக்கே தெரியாது.

அம்மா பிரசவத்துக்காக நாசரேத்தில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது பூரணத்தின் தலையைத் தடவி, "ஊர் மாறி வந்து இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கு. படிப்பு கெட வேண்டாம். நீ அப்பாவைப் பாத்துக்கிட்டு இரு மக்கா" என்று சொல்லியிருந்தாள்.

பூரணமும் அப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் தூங்குவதை.

ரயில்வே வீட்டுக்குப் பின்னால், தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய மரக்கட்டைகளை அடுக்கிப் போட்டிருந்தார்கள். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், பூரணம் ஒரு கட்டையைக் குச்சியால் நெம்பிப் புரட்டினாள். வேறு வேலை இல்லாததால்தான் புரட்டினாள்.

அடியில் கன்னங்கரேல் என்று வண்டுகள். புளியங்கொட்டையை அள்ளிக் கொட்டிவைத்த மாதிரி இருந்தன. வெளிச்சம் பட்டதும் சில ஓடின. சில ஓடவில்லை.

பூரணம் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள் கொண்டுவந்தாள். பெரிய வண்டுகளை ஒன்றிலும் சின்ன வண்டுகளை மற்றொன்றிலும் போட்டாள். பிரித்தாகிவிட்டது என்று திருப்தியாக உட்கார்ந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் திருப்தி போய்விட்டது. பெரிய சிரட்டையில் ஒன்று தலையைத் தரையில் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. சின்ன சிரட்டையிலும் ஒன்று அதையே செய்தது.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?" என்று கேட்டாள் பூரணம்.

எல்லாவற்றையும் கொட்டி மறுபடி பிரித்தாள். இந்தத் தடவை அளவைப் பார்க்கவில்லை, குணத்தைப் பார்த்தாள். கையைக் கண்டதும் நெட்டைக் காலால் ஓடுகிறவன் ஓட்டக்காரன். தொட்டதும் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கிறவன் பாசாங்குக்காரன். தலைகீழாய் நின்று வணக்கம் சொல்கிறவன் தலைகீழான். இந்தத் தலைகீழான் மட்டும் வணக்கம் சொன்ன கையோடு ஒரு நாற்றத் தண்ணீரையும் விட்டான். விரலில் பட்ட இடம் பழுப்பாகிவிட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை, புளி போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை.

ஆனால் மூவருக்கும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. ஒருத்தனும் பறக்கவில்லை.

பொன்வண்டு பறக்கிறதைப் பூரணம் பார்த்திருக்கிறாள். முதுகு மூடி நடுவில் இரண்டாகப் பிளந்து தூக்கும், உள்ளே மடித்து வைத்த றெக்கை வெளியே வரும். இவற்றின் முதுகிலும் நடுவே ஒரு கோடு ஓடியது. செத்துக் கிடந்த ஒன்றை எடுத்து ஊக்கு முனையால் அந்தக் கோட்டைப் பிளக்கப் பார்த்தாள். பிளக்கவில்லை. இரண்டு மூடியும் ஒட்டி ஒரே ஓடாக இருந்தன. ஓட்டை உடைத்தே பார்த்தாள். உள்ளே றெக்கையே இல்லை.

மூடி இருக்கிறது, மூடி வைக்கத்தான் ஒன்றும் இல்லை. இதை உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் பூரணத்துக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல் இருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கோழியிடம் சொன்னாள். கோழி நன்றாகக் காது கொடுத்துக் கேட்டது. ஆனால் அது வேறு எண்ணத்தோடு வண்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் யாராவது தீப்பெட்டியில் பொன்வண்டு கொண்டுவந்தால் போதும், வகுப்பே சுற்றி நிற்கும். அந்த நினைப்பில்தான் பூரணம் மறுநாள் ஒரு தலைகீழானைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப்போனாள்.

பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காருகிறவள் கோமதித்தாய். வந்த நாளிலிருந்து பூரணத்தோடு ரெண்டு வார்த்தை பேசியிருப்பாள். ஒன்று "தள்ளு." இன்னொன்று "சிலேட்டுக்குச்சி இருக்கா?"

"ஒரு வண்டு வச்சிருக்கேன். பாக்குதியா?" என்று கேட்டாள் பூரணம்.

கோமதித்தாய் எட்டிப் பார்த்தாள். முன் பெஞ்சு மூக்காண்டியும் திரும்பினான். வண்டு அழகாகத் தலைகீழாய் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பு முழுக்கத் தன்னைச் சுற்றி நிற்கிறதைப் பார்த்து பூரணத்துக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் வண்டு தன் வேலையைக் காட்டியது.

"ஏ, நாறுதுலே" என்று மூக்காண்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். தள்ளுமுள்ளில் தீப்பெட்டி எகிறி விழுந்தது. பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். பூரணம் பெஞ்சுக்கு அடியில் எவ்வளவோ தேடினாள். வண்டைக் காணோம்.

சாயங்காலத்துக்குள் அவளுக்கு நாத்தப்பூச்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். கோமதித்தாய் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தாள். இன்னும் ஒரு விரல் நகர்ந்தால் கீழே விழுந்துவிடுவாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் கோமதித்தாயைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் அம்மா ஆறுமுகத்தாய் வகுப்புக்கே வந்துவிட்டாள். பிள்ளையின் கழுத்தில், வெந்நீர் பட்டதுபோல் நீளமாய் ஒரு கொப்புளம் பொங்கியிருந்தது.

"ராத்திரி ஏதோ கறுப்பா கழுத்துல விழுந்துச்சாம். இவ நசுக்கிப்போட்டுட்டாளாம். விடிஞ்சு பாத்தா இப்படி நிக்கி. நேத்து எந்தப் பிள்ளை டீச்சர் இங்கன வண்டு கொண்டாந்தது?"

யாரும் பேர் சொல்லவில்லை. எல்லோரும் பூரணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவே போதுமாக இருந்தது.

"அந்த வண்டு எங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"தொலைஞ்சு போச்சு டீச்சர்."

"எங்கயும் தொலையலை. எம் பிள்ளை பைக்குள்ள ஏறி வீட்டுக்கு வந்திருக்கு" என்றாள் ஆறுமுகத்தாய். "ஏட்டி, விளையாட உனக்கு வேற சாமானே கிடைக்கலையா?"

அன்றைக்குக் கோமதித்தாயை டீச்சர் வேறு பெஞ்சுக்கு மாற்றினார். அந்த நீளப் பெஞ்சில் பூரணம் மட்டும் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு இடம். இத்தனை இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

செய்தி ரயிலடிக்கும் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நாயித்துக்கிழமை கட்டையெல்லாம் அந்தப்பக்கம் தூக்கிப் போட்டுட்டு, அடியில சீமெண்ணெய் ஊத்திக் கொளுத்தச் சொல்லிட்டாரு ஸ்டேஷன் மாஸ்டர். நான் என்ன செய்ய, சொல்லு."

பூரணம் கட்டைகள் பக்கம் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். வண்டுகளை எரிக்கப்போகிறார்களே என்று ஒரு அழுகை. அதைவிடப் பெரியதாய் இன்னொன்று உள்ளே அரித்தது. ஒருவேளை நிஜமாகவே என் வண்டுதானோ? என்னால்தான் கோமதித்தாய்க்குக் கழுத்து பொங்கியதோ?

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தலைகீழானைப் பிடித்தாள். அவன் விட்ட நாற்றத் தண்ணீரை மணிக்கட்டின் உள்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில் நன்றாகத் தேய்த்தாள். "பொங்குனா பொங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வைவார்.

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கையைப் பார்த்தாள். பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. கொப்புளம் இல்லை.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. பல் தேய்த்துக்கொண்டு நிற்கும்போதே ஆறுமுகத்தாய் வருவது தெரிந்தது. கையில் ஒரு காலிப் பவுடர் டப்பா. பின்னால் கோமதித்தாய், கழுத்தில் வேப்பிலையும் மஞ்சளும் அப்பிக்கொண்டு, தூரத்திலேயே நின்றாள்.

"சண்டைக்கு வரலை" என்று ஆறுமுகத்தாயே முதலில் சொல்லிவிட்டாள். "எனக்கு ஒரு வண்டு வேணும்."

பூரணத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

விஷயம் இதுதான். சங்கரன்கோவிலில் பாம்பு, தேள், பூரான் என்று எது வீட்டுக்குள் வந்து தொந்தரவு செய்தாலும், அதன் உருவத்தைத் தகட்டில் வாங்கிக் கோவில் உண்டியலில் போடுவார்கள். போட்டால் அது மறுபடி அண்டாது என்று நம்பிக்கை. ஆறுமுகத்தாயும் நேற்றே சன்னதித் தெருவுக்குப் போய், தகட்டு உருவம் விற்கிற சங்கரபாண்டி ஆசாரியிடம் வண்டு கேட்டிருக்கிறாள். அவரிடம் பாம்பு இருந்தது, தேள் இருந்தது, பல்லிகூட இருந்தது. வண்டு இல்லை.

"இத்தனை வருசத்துல ஒருத்தரும் வண்டு கேட்டதில்லையாம். மாதிரிக்கு ஒண்ணு கொண்டா, பாத்து வெட்டித் தாரேங்காரு. நாளைக்குக் கொளுத்திட்டா அப்புறம் மாதிரிக்கு நான் எங்கன போவேன்? ஒண்ணைப் பிடிச்சு இதுல போடு. போட்டுட்டா உனக்கும் எனக்கும் ஒரு வழக்கும் இல்லை."

பூரணம் பவுடர் டப்பாவை வாங்கினாள். ஒரு வண்டைப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. திட்டுவது நின்றுவிடும். ஒருவேளை கோமதித்தாய் பழைய பெஞ்சுக்கே திரும்பி வந்தாலும் வரலாம்.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கோமதித்தாயைப் பார்த்தாள். "அது உன் மேல எப்படி விழுந்துச்சு?"

கோமதித்தாய் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அரிக்கேன் விளக்குப் பக்கத்துல படிச்சிக்கிட்டு இருந்தேன். அது விளக்கைச் சுத்திச் சுத்திப் பறந்துச்சு. அப்புறம் கழுத்துல விழுந்துச்சு."

"பறந்துச்சா? நல்லாப் பாத்தியா?"

"கண்ணாடியில வந்து முட்டுச்சே."

பூரணம் டப்பாவை ஆறுமுகத்தாயிடமே நீட்டினாள். "அத்தை, அப்ப இது இல்லை."

"என்னட்டி இது இல்லை? கறுப்புத்தான?"

"கறுப்புத்தான் அத்தை. ஆனா இது பறக்காது. இதுக்கு றெக்கையே கிடையாது."

"றெக்கை இல்லாத வண்டு உண்டுமா? யார்கிட்ட கதை விடுத?"

பூரணம் ஓடிப்போய் சிரட்டைகளைத் தூக்கி வந்தாள். ஓட்டக்காரனை எடுத்து விரல் நுனியில் ஏற்றினாள். பொன்வண்டாக இருந்தால் நுனிக்குப் போனதும் விர்ரென்று கிளம்பியிருக்கும். ஓட்டக்காரன் நுனிவரை ஓடி, அங்கே பாதை முடிந்துவிட்டதைக் கவனிக்காமல் அப்படியே பொத்தென்று மண்ணில் விழுந்தான். பாசாங்குக்காரனைத் தூக்கிப் போட்டாள். கல் மாதிரி விழுந்து, கூடவே செத்தும் போனான். தலைகீழான் விழுந்த இடத்தில் கோபமாய் வணக்கம் சொன்னான்.

கோமதித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்து வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இதோட தண்ணிதான் இது, நேத்துத் தேய்ச்சேன்" என்று பூரணம் மணிக்கட்டைக் காட்டினாள். "நாறும், கறையாகும். பொங்காது."

ஆறுமுகத்தாய் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏ மூதி, பொங்கியிருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று அதட்டினாள். அந்த அதட்டலில் பழைய சூடு இல்லை.

"இதைத் தகட்டுல வெட்டிப் போட்டா, செய்யாத வண்டு பேரில காணிக்கை போயிரும் அத்தை. செஞ்ச வண்டு உங்க வீட்டுலயே இருக்கும். மறுபடி வந்து விழும்."

இது ஆறுமுகத்தாய்க்குச் சுருக்கென்று பட்டது. தப்பான பூச்சியைச் சாமிக்குக் கொடுத்துவிட்டுச் சரியான பூச்சியை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால், அதைப்போல முட்டாள்தனம் உண்டா? "அப்ப வா" என்றாள். "வந்து எது செஞ்சதுன்னு பிடிச்சுக் குடு."

கோமதித்தாய் வீடு கோவிலுக்குத் தெற்கே இருந்தது. பூரணம் விளக்கு வைக்கிற இடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே புறவாசலில், மழைக்குத் தழைத்த பூசணிக் கொடி. அதில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூ. ஒரு பூவுக்குள் குனிந்து பார்த்தவள் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

பூவைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு வண்டு. கறுப்புத்தான். தூரத்தில் நின்று பார்த்தால் ரயிலடி வண்டுக்குத் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் தலைக்கும் உடம்புக்கும் நடுவே நூல் கட்டி இறுக்கின மாதிரி மெலிந்த கழுத்து. முதுகு ஓடாக இல்லை, தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. பூரணம் கொடியைக் குச்சியால் தட்டினாள். முதுகு இரண்டாகப் பிரிந்தது, றெக்கை வந்தது, வண்டு பறந்து அடுத்த பூவில் உட்கார்ந்தது.

"இதான்" என்றாள் கோமதித்தாய் மெதுவாக. "இந்த மாதிரிதான் பறந்துச்சு."

ஆறுமுகத்தாய், "தினம் இதுலதான பூப் பறிக்கேன்" என்று தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

பூரணம் இலையால் மூடி, கை படாமல் அந்த வண்டைப் பவுடர் டப்பாவுக்குள் தள்ளினாள். மூன்று பேரும் சன்னதித் தெருவுக்குப் போனார்கள். ஆசாரி டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தகட்டில் உருண்டையாக ஒன்று வெட்ட ஆரம்பித்தார்.

"கழுத்து மெலிசா வேணும் மாமா" என்றாள் பூரணம். "இல்லைன்னா இது எங்க ரயிலடி வண்டு ஆயிரும்."

ஆசாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "சாமிக்குத் தெரியாதா பிள்ளே, எந்த வண்டுன்னு?"

"சாமிக்குத் தெரியும். சனங்களுக்குத்தான தெரியலை" என்றாள் ஆறுமுகத்தாய். "அவ சொல்லுதபடி வெட்டும் வே."

ஆசாரி கழுத்தை மெலித்தார்.

அன்றைக்கே ஆறுமுகத்தாய் ரயிலடிக்கு நடந்து, ஸ்டேஷன் மாஸ்டரிடம் சீமெண்ணெயை விளக்குக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். ஆறுமுகத்தாய் பேச ஆரம்பித்தால் ரயிலே நின்று வழிவிடும். ஸ்டேஷன் மாஸ்டர் எம்மாத்திரம்?

வண்டுகள் பிழைத்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூரணத்தைத் தேடி யாரும் வரவில்லை. அவள் வாசலுக்கு வந்து வந்து பார்த்தாள். கோமதித்தாய் சன்னதித் தெருவில் வைத்துக்கூட "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை, அம்மா பின்னாலேயே போய்விட்டாள். சரி, அவளுக்குக் கழுத்து வலி, என்று பூரணம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் வருத்தமாகத்தான் இருந்தது. சாயங்கால ரயிலுக்குக் கை காட்டினாள். டிரைவர் புது ஆள் போலிருக்கிறது, பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் பெஞ்சு காலியாகவே இருந்தது. "நாத்தப்பூச்சி வந்தாச்சு" என்றான் மூக்காண்டி. பூரணம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கோமதித்தாய் வகுப்புக்குள்தான் இருந்தாள். கரும்பலகைக்குக் கீழே மண்டி போட்டு, சாக்குக்கட்டிப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். பாவாடையெல்லாம் சுண்ணாம்புத் தூள். கடைசியில் எழுந்து, மூடின கையோடு நேரே பூரணத்திடம் வந்தாள்.

"உன் வண்டு" என்று கையை விரித்தாள்.

உள்ளங்கையில் தலைகீழான் நின்றான். மேலெல்லாம் வெள்ளைத் தூள். அவ்வளவு நாள் கழித்து வெளிச்சத்தைப் பார்த்தவன், கோமதித்தாயின் கையிலும் தன் வணக்கத்தைச் சொல்லியிருந்தான். அவள் விரலெல்லாம் பழுப்பு.

"எங்க வீட்டுக்கு வரலை. இங்கனயேதான் கிடந்திருக்கான். வெள்ளிக்கிழமையே தேடியிருக்கணும்" என்றாள் கோமதித்தாய்.

"கையில எடுத்துட்டியே. சாம்பல் போட்டாலும் போகாது."

கோமதித்தாய் விரலை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். பூரணத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நாறுதா?"

"நாறுது" என்றாள் பூரணம்.

"ஏலே மூக்காண்டி, இனி நாத்தப்பூச்சி ரெண்டு" என்று கோமதித்தாய் திரும்பிச் சொல்லிவிட்டு, "தள்ளு" என்றாள்.

தள்ள வேண்டிய அவசியமே இல்லை. பெஞ்சில் அந்தக் கோடி வரைக்கும் இடம் கிடந்தது. ஆனாலும் பூரணம் தள்ளினாள், கோமதித்தாய் ஒட்டி உட்கார்ந்தாள்.